டார்வினில் ஏறினால் டஹிட்டியில் இறங்கும்

டி.எஸ்.பி. பேப்பர் எழுதியவர்களுக்கு யூல்–வாக்கர் சமன்பாடு ஞாபகம் இருக்கும். இல்லைன்னா ஞாபகம் இருக்கிற மாதிரி நடிக்கவாவது தெரியும். ஒரு சிக்னலின் பழைய மதிப்புகளை வைத்து அடுத்த மதிப்பைக் கணிக்கிற மாடலுக்கு எண்களைக் கண்டுபிடித்துத் தருகிற சமன்பாடு அது. செல்போனில் நாம் பேசுகிற குரலைச் சுருக்கி அனுப்புவதற்குப் பின்னாடியும் இந்தக் கணக்கு இருக்கு. ஆனா புத்தகத்தில் யூல் யார், வாக்கர் யார்னு ஒரு வரி கூட இருக்காது. ஏதோ அமெரிக்க டெலிபோன் கம்பெனி இன்ஜினியராக இருப்பார் என்றுதான் யாருக்கும் தோணும்.

வாக்கர் இந்திய வானிலைத் துறைக்கு 20 வருஷம் தலைவராக இருந்தவர். 1931-இல் அவர் அந்தக் கணக்கைப் போட்டது ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில் இருக்கிற போர்ட் டார்வின் என்ற ஊரின் காற்றழுத்தத்துக்காக. அந்த ஊர்க் காற்றழுத்தத்துக்கும் எங்க மேற்கு மாம்பலத்துத் துரைசாமி சப்வேயில் தண்ணி நிற்பதற்கும் சம்பந்தம் இருக்குன்னு சொன்னா சிரிப்பீங்க. அவர் சொன்னபோதும் நிறைய பேர் நம்பவில்லை.

கில்பர்ட் தாமஸ் வாக்கர் 1868 ஜூன் 14 அன்று இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சிவில் இன்ஜினியர், நகரசபைக்குக் கான்க்ரீட்டில் தண்ணீர்த் தொட்டி கட்டியவர். பையனுக்குச் சின்ன வயசிலிருந்தே சுற்றுகிற பொருள் எதைப் பார்த்தாலும் ஒரு பைத்தியம்: பம்பரம், கைரோஸ்கோப், பூமராங். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் படித்து 1889-இல் சீனியர் ராங்லர் ஆனார். அதாவது அந்த வருஷக் கணிதத் தேர்வில் மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் முதல் மாணவன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அந்தப் பட்டம் ஒன்று இருந்தால் போதும், வாழ்க்கை முழுக்க அதைச் சொல்லியே சாப்பிடலாம்.

ஆனா அதற்கு அவர் உடம்பு விலை கொடுத்தது. படித்துப் படித்தே உடம்பு கெட்டுப்போய், சில குளிர்காலங்களைச் சுவிட்சர்லாந்தில் ஓய்வில் கழிக்க வேண்டி வந்தது. அங்கே போய் சும்மா படுத்திருக்கவில்லை. ஐஸ் ஸ்கேட்டிங் கற்றுக்கொண்டு அதில் தேர்ந்தவர் ஆகிவிட்டார். திரும்பி வந்து டிரினிட்டியில் விரிவுரையாளர். கல்லூரிக்குப் பின்னால் ஆற்றங்கரைப் புல்வெளியில் பூமராங் வீசிக்கொண்டே இருப்பாராம், அதனால் நண்பர்கள் வைத்த பேர் பூமராங் வாக்கர். பொழுதுபோக்கோடு அது நிற்கவில்லை. பூமராங் ஏன் திரும்பி வருகிறது என்பதற்கு 1897-இல் ராயல் சொசைட்டி இதழில் முழு நீளக் கணிதக் கட்டுரையே எழுதிவிட்டார். புல்லாங்குழல் வாசிப்பார். அதன் அமைப்பை மாற்றிச் சுருதியைச் சரி செய்யவும் முயற்சி செய்தார். இப்படிப்பட்ட ஒருத்தருக்கு வானிலை பற்றி என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. அதுவரை அவர் அந்தத் துறைப் பக்கமே போனதில்லை.

அப்படிப்பட்டவரை இந்தியா ஏன் கூப்பிட்டது என்பதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னாடி போகணும்.

தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1876-இலும் 77-இலும் மழை பொய்த்து சென்னை ராஜதானி முழுக்க லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்த பஞ்சம். நம்ம ஊர் பக்கிங்ஹாம் கால்வாயில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் இருக்கிற ஏறக்குறைய 8 கி.மீ. துண்டு, அந்தப் பஞ்சத்தில் கூலி கொடுப்பதற்காக ஜனங்களை வைத்து வெட்டியதுதான். பறக்கும் ரயில் ஜன்னலிலிருந்து தெரிகிற அந்தக் கறுப்புத் தண்ணிக்கு அப்படியொரு கதை. மழை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டே பஞ்ச நிவாரணம் நடத்திய அரசுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆனா அந்த அரசுக்குப் பிடித்திருந்த கேள்வி மழை பற்றியதுதான்: அடுத்த பருவமழை வருமா, வராதா, முன்கூட்டியே சொல்ல முடியுமா?

1875-இல் தொடங்கிய வானிலைத் துறைக்கு முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு. குளிர்காலத்தில் இமயமலையில் பனி அதிகமாக விழுந்தால் அடுத்த பருவமழை குறையும் என்பது அவர் கணிப்பு. அதை வைத்து 1886-லிருந்து வருஷா வருஷம் முன்னறிவிப்பு வந்தது. அவருக்குப் பின்னால் வந்த ஜான் எலியட் இந்தியப் பெருங்கடல், ஆஸ்திரேலியா பக்கத்துக் காற்றழுத்தத்தையும் சேர்த்துக்கொண்டு பக்கம் பக்கமாக முன்னறிவிப்பு எழுதினார். 1899-இல் அது மொத்தமாகக் காலை வாரியது. நல்ல மழை வரும் என்றார்கள், வந்தது கடும் வறட்சி, மறுபடியும் பஞ்சம். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. எலியட்டுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும்: இது அனுபவத்தை வைத்து மோப்பம் பிடிக்கிற வேலை இல்லை, இதற்கு ஒரு முழுநேரக் கணித ஆள் வேண்டும். அப்படித்தான் தனக்கு அடுத்ததாக வாக்கரைப் பிடித்தார். 1903-இல் உதவியாளராகச் சேர்ந்த வாக்கர், 1904 தொடக்கத்தில் தலைமைப் பொறுப்பை ஏற்றார். வயது 35.

வாக்கர் கெட்டிக்காரர் என்பதற்கு எனக்குப் பிடித்த அடையாளம், அவர் முதலில் செய்யாமல் விட்ட வேலைதான். காற்று எப்படி நகரும் என்று சமன்பாடு எழுதி, தீர்வு கண்டு, பருவமழையை வரவழைக்கலாம் என்று அவர் உட்காரவில்லை. அந்தக் கணிதம் அவருக்குக் கைவந்த கலை. ஆனாலும் இந்தச் சிக்கலுக்கு அது இன்னும் தயாராகவில்லை என்று தெரிந்துகொண்டார். அதற்குப் பதிலா உலகத்தில் எங்கெங்கே வானிலை பதிவு இருக்கோ அத்தனையையும் வரவழைத்து, எது எதோடு சேர்ந்து ஏறுகிறது, எது எதற்கு எதிராக இறங்குகிறது என்று பார்க்க ஆரம்பித்தார். கோரிலேஷன் என்ற கருவி அப்போதுதான் புதுசாக வந்திருந்தது.

இன்னைக்கு அது பைத்தானில் ஒரு வரி. அப்போ கம்ப்யூட்டர் என்பது மனுஷன் பார்க்கிற ஒரு வேலையின் பேர். சிம்லா அலுவலகத்தில் இந்திய குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் கணக்குப் போட்டார்கள். 40 வருஷத் தரவு இருக்கிற இரண்டே இரண்டு ஊரை ஒப்பிடணும்னா 40 பெருக்கல், 80 வர்க்கம், அதற்கு மேல் கூட்டல், கழித்தல், ஒரு வர்க்கமூலம். இது ஒரு ஜோடிக்கு. அவர்கள் பார்த்தது நூற்றுக்கணக்கான ஜோடி, அதுவும் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியாக, ஒரு பருவத்தை அடுத்த பருவத்தோடும் ஒப்பிட்டு. மொரீஷியஸ் காற்றழுத்தம், ஜான்ஸிபார் மழை, தென் அமெரிக்கக் காற்றழுத்தம், நைல் நதியின் வெள்ளம் என்று எதையும் விடவில்லை.

இங்கேதான் நம்ம பசங்க கவனிக்க வேண்டிய இடம். ஆயிரம் ஜோடியை ஒப்பிட்டால், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாவிட்டாலும் சில ஜோடிகள் தற்செயலாகவே அழகாகப் பொருந்தும். 20-க்கு ஒண்ணு என்ற அளவுகோலை வைத்தால் ஆயிரத்தில் 50 சும்மாவே தேறிவிடும். ஒரு வகுப்பில் 60 பேரின் அரியர் எண்ணிக்கையை 60 ஊரின் மழையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், யாரோ ஒருத்தன் அரியர் வைக்கும்போதெல்லாம் செரபுஞ்சியில் கொட்டியிருக்கும். வாக்கர் இந்தப் பொறியைத் தெளிவாகப் பார்த்தார். இத்தனை ஜோடியில் தேடினேன், அதனால் இதில் பெரியதாக வருகிற எண்ணுக்கு இவ்வளவு மேலே போனால்தான் மதிப்பு என்று 1914-லேயே கணக்கோடு ஒரு வரம்பு எழுதிவைத்தார். நூறு வருஷம் கழித்து, ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் கிடைத்த காலத்தையெல்லாம் மாடலுக்குள் கொட்டிவிட்டு 97 சதவீதம் அக்யூரசி என்று ஸ்லைடு போடுகிறோமே, அவர் வைவா எடுத்தால் ஒருத்தரும் தேற மாட்டோம்.

அந்த வரம்பைத் தாண்டி நின்ற சிலவற்றை வைத்து அவர் செய்த முதல் மழைக் கணக்கில் நான்கு விஷயங்கள் இருந்தன: மே மாதக் கடைசியில் இமயமலைப் பனி, மே மாத மொரீஷியஸ் காற்றழுத்தம், கோடைக்கால ஜான்ஸிபார் மழை, மார்ச் முதல் மே வரை தென் அமெரிக்கக் காற்றழுத்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்துக் கூட்டினால் பருவமழை. இன்னைக்கு மல்டிபிள் ரெக்ரஷன் என்று படிக்கிறோமே, வானிலைக்கு அதைப் போட்டவர்களில் இவர்தான் முன்னோடி.

1913 பிப்ரவரியில் வாக்கர் வேலையாக மெட்ராஸுக்கு வந்தார். கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் நுங்கம்பாக்கத்து ஆய்வகமும் அவர் துறைக்குக் கீழேதான் இருந்தன. துறைமுகத்துக்குப் போனபோது, போர்ட் டிரஸ்ட் சேர்மன் பிரான்சிஸ் ஸ்பிரிங் தன் அலுவலகக் கணக்குப் பிரிவில் 30 ரூபாய் சம்பளத்தில் இருக்கிற ஒரு குமாஸ்தாவின் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். குமாஸ்தா யார் என்று உங்களுக்குத் தெரியும். எஃப்.ஏ. தேறாத ராமானுஜன்.

அந்த நோட்டில் இருந்ததெல்லாம் சூத்திரங்கள். அதற்கு நிரூபணம் கிடையாது. வாக்கருக்கு அந்த வகைக் கணிதம் தொழிலும் இல்லை. அவர் பூமராங், காற்று, அழுத்தம் பக்கத்து ஆள். ஆனா எதிரில் இருப்பது எந்தத் தரம் என்று கண்டுகொண்டார். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார்: இந்த ஆளைச் சில வருஷமாவது பிழைப்புக் கவலை இல்லாமல் கணிதம் செய்ய விடுங்கள் என்பது சாரம். கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் பதிலும் அதே வாரங்களில்தான் வந்து சேர்ந்தது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எம்.ஏ. வேண்டும் என்பது விதி. மார்ச் 19-இல் கணிதப் பாடக்குழு கூடியது. நம்ம கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் அப்போ சேப்பாக்கத்தில் இருந்தது, அதன் கணிதப் பேராசிரியர் ஹனுமந்த ராவ் அந்தக் குழுவில் ராமானுஜனுக்காக நின்றார். விதியைத் தாண்டி மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. அடுத்த வருஷம் மார்ச்சில் ராமானுஜன் கப்பல் ஏறினார். மற்றது ஊருக்கே தெரியும்.

ராமானுஜன் கதையில் வாக்கர் அரைப்பக்கம் வந்து போகிற பாத்திரம்தான். எனக்கென்னவோ அந்த அரைப்பக்கம் தற்செயல்னு தோணலை. காரணம் கையில் இல்லாமலேயே, இது உண்மைன்னு எண்களைப் பார்த்து மட்டும் நம்புகிற துணிச்சல் அவரிடம் இருந்தது. பத்து வருஷத்தில் அதே துணிச்சல் அவருக்கே தேவைப்பட்டது.

நடுவில் 1918 வந்தது. உலகப் போரின் கடைசி வருஷம், ஃப்ளூ காய்ச்சல் வேறு. அந்த வருஷத் தென்மேற்குப் பருவமழை நாடு முழுக்கச் சுமார் 25 சதவீதம் குறைந்தது. பதிவில் இருக்கிற மிக மோசமான வருஷங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதே 1918 நவம்பரில் மெட்ராஸில் கொட்டிய மழை 1,088 மி.மீ. நவம்பர் மாதத்துக்கு இன்றுவரை அதுதான் நம் நகரத்தின் சாதனை. ஒரே வருஷம், ஒரே நாடு, ஒரு பக்கம் காய்ந்தது, நம்ம பக்கம் மூழ்கியது. இந்த இரண்டையும் மனசில் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

இப்ப காற்றழுத்தம் பற்றி ரெண்டு வார்த்தை. நம் தலைக்கு மேலே வானம் முடிகிற வரைக்கும் நிற்கிற காற்றின் எடைதான் காற்றழுத்தம். ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடி மேல் சுமார் 10 டன் காற்று உட்கார்ந்திருக்கு. கடல் மட்டத்தில் சராசரி 1,013 ஹெக்டோபாஸ்கல், பாதரசத்தில் 76 செ.மீ. ஓர் இடத்தில் காற்று சூடாகி மேலே போய் வெளியே பரவினால் அங்கே எடை குறையும், சுற்றிலும் இருந்து காற்று உள்ளே வரும். மேலே போன காற்று, அழுத்தம் குறைந்த உயரத்தில் விரிந்து குளிரும். அதில் இருந்த நீராவி துளியாகி மேகமாகும். அதனால் தாழ்வழுத்தம் என்றால் மேகம், மழை. எங்கேயோ மேலே போன காற்று வேறெங்கேயாவது கீழே இறங்கித்தானே ஆகணும்? இறங்குகிற இடத்தில் எடை கூடும், காற்று அமுங்கிச் சூடாகும், மேகம் கட்டாது. அது உயரழுத்தம். டிவியில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னதும் அம்மா மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கச் சொல்வதற்குப் பின்னாடி இருக்கிற இயற்பியல் இவ்வளவுதான்.

வாக்கர் உலகம் முழுக்கப் பார்த்த ஜோடிகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. பசிபிக் கடல் பக்கத்து ஊர்களில் ஒரு பருவத்தின் சராசரி அழுத்தம் ஏறினால், இந்தியப் பெருங்கடல் பக்கம், ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை, இறங்கியது. அங்கே இறங்கினால் இங்கே ஏறியது. சீசா பலகை மாதிரி. இதன் ஒரு சில துண்டுகளை அவருக்கு முன்பே வேறு சிலரும் பார்த்திருந்தார்கள். ஆனா முழுப் பலகையையும் பார்த்தவர் இவர்தான். 1923, 24-இல் வெளியான கட்டுரைகளில் அதற்குத் தெற்கு அலைவு என்று பெயரிட்டார். இன்னைக்கு அந்தப் பலகையின் இரு முனைகளாக ஆஸ்திரேலியாவின் டார்வினையும் பசிபிக் நடுவில் இருக்கிற டஹிட்டித் தீவையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் 8,000 கி.மீ.க்கு மேல் கடல்.

இதில் அசர வைப்பது அளவுதான். இந்த ஏற்ற இறக்கம் ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல். நம்ம சென்னையிலேயே ஒரே நாளில், காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் நடுவில், ஏறக்குறைய மூன்று ஹெக்டோபாஸ்கல் சும்மாவே மாறும். தினசரி இரைச்சலை விடச் சின்ன ஒரு சிக்னலை, மாதக் கணக்கில் சராசரி எடுத்து, காகிதத்திலும் பென்சிலிலும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சிக்னல் டு நாய்ஸ் ரேஷியோவுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கலை.

1924-இல் சர் பட்டத்தோடு இந்தியாவை விட்டுப் போனார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பத்து வருஷம் வானிலைப் பேராசிரியர். அங்கே மேகத்தின் பக்கம் திரும்பினார். மீன் செதில் மாதிரி, உழுத வயல் மாதிரி வரிசை வரிசையாக மேகம் நிற்கும் பாருங்க, அது ஏன் அப்படி நிற்கிறது என்று ஆய்வகத்திலேயே மெல்லிய திரவப் படலத்தைக் கீழிருந்து சூடாக்கியும், மேல்தளத்தை நகர்த்தியும் சோதித்துப் பார்த்தார். டார்வின் கணக்கும் இந்தக் காலத்தில் எழுதியதுதான். யூல் 1927-இல் சூரியப் புள்ளிகளுக்குப் போட்ட கணக்கை வாக்கர் டார்வின் அழுத்தத்துக்கு விரித்தார். அதில் ஒரு நிலையான தாளம், கடிகாரம் மாதிரி ஒரு காலவட்டம் ஒளிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கடிகாரம் இல்லை, ஆனால் முந்தின பருவங்களின் ஞாபகம் இருக்கு என்பது பதில். அந்த ஞாபகத்தை அளக்கிற சமன்பாடுதான் பிற்பாடு நம் சிலபஸில் வந்து உட்கார்ந்தது.

ஆனால் அவர் வந்த வேலை முடியவில்லை. பருவமழையைக் கணிக்க எடுத்த சூத்திரங்களில் பல, வருஷம் போகப் போகத் தளர்ந்தன. ஒரு தலைமுறைத் தரவில் உறுதியாக நின்ற தொடர்பு அடுத்த தலைமுறையில் கரைந்துவிட்டது. அவருக்குப் பின்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்த சார்லஸ் நார்மண்ட் 1953-இல் ஒரு வேடிக்கையைச் சுட்டிக் காட்டினார். தெற்கு அலைவு பருவமழைக்கு முன்னால் நடப்பதோடு ஒட்டுவதைவிட, அதற்குப் பின்னால் உலகில் நடப்பதோடுதான் நன்றாக ஒட்டுகிறது. அதாவது இந்திய மழையைப் பார்த்து வேறு ஊரின் வானிலையைச் சொல்லலாம், ஆனா இந்திய மழையைச் சொல்வது கஷ்டம். பஞ்சத்தைத் தடுக்க வந்தவருக்கு இதைவிடக் கசப்பான விடை இருக்க முடியாது.

லண்டன் வட்டாரத்தில் நம்பிக்கையின்மை வேறு. எண்கள் ஒத்துப்போனால் போதுமா, 8,000 கி.மீ. தள்ளி இருக்கிற இரண்டு ஊரை எது கட்டி வைத்திருக்கு, காரணம் எங்கே? வாக்கரிடம் காரணம் இல்லை. கடலில் இருக்கும், மேல்காற்றில் இருக்கும் என்று அவர் ஊகித்தார். அளக்கக் கருவி இல்லை. 1930-களுக்குப் பிறகு தெற்கு அலைவை ஏறக்குறைய எல்லோரும் மறந்துபோனார்கள். 1958 நவம்பர் 4 அன்று, 90 வயதில், சர்ரே மாவட்டத்தில் வாக்கர் இறந்தார். முன்னறிவிப்புக்குப் பயன்படும் என்று அவர் தேடியது கைகூடவில்லை என்ற தொனி அப்போது வந்த இரங்கல் குறிப்பிலேயே இருந்தது.

அவர் இறந்த அந்த வருஷமே பதில் அளந்து முடிக்கப்பட்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. 1957–58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு. பல நாட்டுக் கப்பல்களும் தீவுகளும் சேர்ந்து பசிபிக் கடலை அளந்தன. அதே சமயத்தில் பெரு நாட்டு மீனவர்கள் எல் நினோ என்று சொல்லும் கடல் சூடு பெரிதாக வந்தது. நார்வேயில் வளர்ந்து லாஸ் ஏஞ்சலிஸில் வேலை பார்த்த ஜேக்கப் பியர்க்னெஸ் அந்தத் தரவை எடுத்துப் பார்த்தார். பசிபிக்கில் சாதாரணமாகக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, வெதுவெதுப்பான தண்ணியை இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவிக்கும். அங்கே காற்று மேலெழும்பும், மேகம் கட்டும், அழுத்தம் குறையும். மேலே போன காற்று உயரத்தில் கிழக்கே திரும்பி, பெரு பக்கத்துக் குளிர்ந்த கடல் மேல் இறங்கும். ஒரு மாபெரும் சக்கரம். அந்தக் காற்று தளர்ந்தால் சூட்டுத் தண்ணி கிழக்கே நகரும், சக்கரமும் நகரும், டார்வினில் அழுத்தம் ஏறும், டஹிட்டியில் இறங்கும். எல் நினோ என்பது கடலின் பாதி, வாக்கரின் சீசா பலகை அதன் காற்றுப் பாதி. 1969-இல் எழுதிய கட்டுரையில் பியர்க்னெஸ் அந்தச் சக்கரத்துக்கு வாக்கர் சுழற்சி என்று பேர் வைத்தார். இறந்து 11 வருஷம் ஆகியிருந்தது.

இப்ப 1918-க்கு வருவோம். அது எல் நினோ வருஷம். 1877-உம், 1899-உம் கூட. எல் நினோவில் சக்கரம் நகரும்போது, இந்தோனேசியா முதல் இந்தியா வரை இறங்கு காற்றின் கை ஓங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வரவேண்டிய மழையை அது அமுக்குகிறது. ஆனால் அக்டோபருக்குப் பிறகு கதை திரும்பும். இந்தோனேசியா பக்கம் ஏறிய அழுத்தம், ஈரமான கிழக்குக் காற்றை வங்கக்கடல் வழியாகத் தமிழ்நாட்டையும் இலங்கையையும் பார்த்துத் தள்ளும். மற்ற மாநிலங்களுக்கு எல் நினோ என்றாலே வில்லன். நமக்கு வடகிழக்குப் பருவமழையில் பல தடவை அதுதான் வள்ளல், சில தடவை வள்ளல் கொஞ்சம் ஓவராகக் கொடுத்துவிடுவார்.

2015-இல் அச்சு அசலாக அதுதான் நடந்தது. பலமான எல் நினோ. தென்மேற்குப் பருவமழை நாடு முழுக்க 14 சதவீதம் குறைவு. நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் ஏறக்குறைய 1,050 மி.மீ., 1918-க்கு அடுத்த இடம். அதன் பிறகு டிசம்பர் 1-இல் தொடங்கிய 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. அடையாறு என்ன செய்தது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எனக்கு அப்போ பதினோரு வயசு. ஆரிய கவுடா ரோடில் தண்ணி நின்றது, ஸ்கூல் லீவு, கரண்ட் இல்லை, பால் பாக்கெட்டுக்குப் பெரியவர்கள் அலைந்தது என்று எனக்குத் தெரிந்த டிசம்பர் அவ்வளவுதான். டார்வின், டஹிட்டியெல்லாம் யாரும் சொல்லலை.

இதை வைத்து எல் நினோ வந்தால் சென்னை மூழ்கும் என்று ஒரு ரீல் போட்டுவிடாதீங்க. வாக்கரே அதற்குச் சம்மதிக்க மாட்டார். 1997-இல் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று வந்தது, ஆனா தென்மேற்குப் பருவமழை சாதாரணமாகவே பெய்தது. 2021-இல் நேர்மாறான லா நினா. கணக்குப்படி நமக்கு மழை குறைவாக வந்திருக்கணும். அந்த நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,000 மி.மீ. தாண்டியது, மேற்கு மாம்பலத்திலும் தி.நகரிலும் தெருவில் தண்ணி வடிய நாள்கணக்கில் ஆனது. தொடர்பு என்பது பகடையில் ஒரு பக்கம் கொஞ்சம் கனமாக இருக்கிற மாதிரி. பகடை எந்தப் பக்கம் விழும் என்பதை அந்தந்த வாரம் வங்கக்கடலில் உருவாகிற தாழ்வழுத்தம்தான் முடிவு செய்யும்.

விழுந்த மழை எங்கே போய் நிற்கும் என்பதற்கு டார்வின் பொறுப்பில்லை. துரைசாமி சப்வேக்குக் கிழக்கே, இன்னைக்கு தி.நகர் இருக்கிற இடத்தில், நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்தது பெரிய ஏரி. அதை வடித்து மனை போட ஆரம்பித்தது 1923 வாக்கில். வாக்கர் சிம்லாவில் உட்கார்ந்து தெற்கு அலைவுக் கட்டுரைகளை எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்.